மலைப்பாதைக்காக பிரேக் பேட் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஏற்காட்டிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ கொஞ்சம் வேகமாக இறங்கும்போது, பாதி வழியில் பெடலை அழுத்தி மிதித்தும் வண்டி நிற்கத் தயங்கினால், அடுத்த வாரமே பெர்ஃபார்மன்ஸ் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடில், அதிகச் சூட்டுக்கென்றே செய்த வகை) தேடத் தொடங்குவார்கள். பெட்டியில் '700 டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருந்தால் வாங்கிவிடுவார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. தெருவில் ஓட்டும் வண்டிக்கு அந்த உச்ச வெப்பநிலை இரண்டாம் பட்சம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஆறிய டிஸ்க்கோடு முதல் சிக்னலில் மிதிக்கும்போது பேட் எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரேஸ் டிராக்குக்கான பேட்கள் சூடேறிய பிறகே முழுப் பிடிப்பு தரும். நகரத்துக்குள் டிஸ்க் பெரும்பாலும் 200 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். அந்தச் சூட்டில் பல ரேஸ் பேட்கள் கம்பெனி பேடைவிட மோசமாகப் பிடிக்கும், கீச்சிடும், டிஸ்கையும் அரைத்துத் தின்னும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் பேட் சூடாகும்வரை காத்திருக்க முடியாது. 'ஃபாஸ்ட் ரோடு' வகை என்று தயாரிப்பாளரே குறிப்பிடும் பேட்கள் போதும்.

பேடின் விளிம்பில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளைப் படிக்காமல் விடுவது அடுத்த தவறு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது நன்றாகச் சூடேறியபின் எவ்வளவு என்பதையும் சொல்லும். 'இ' (E) என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' (F) என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' (G) என்றால் 0.45 முதல் 0.55. 'எஃப்எஃப்' என்றிருந்தால் சூட்டிலும் அதே வரம்புக்குள் நிற்கிறது. 'ஜிஇ' போல இரண்டாவது எழுத்து கீழே இறங்கியிருந்தால் மலைக்கு வேண்டாம். ஆனால் இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒரு அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்யும் ஆய்வக சோதனை அது. 0.36, 0.44 இரண்டுமே 'எஃப்'தான். காலுக்கு அவை வேறு வேறு பேட்களாகவே தெரியும்.

'செராமிக்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. கடையில் கிடைக்கும் செராமிக் பேட்களில் பெரும்பாலானவை சத்தமும் கரித்தூளும் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்தவை. சூப்பர் கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க்குக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. வீல் கறுப்பாகக் கூடாது என்பதே முதல் தேவையென்றால், மலைக்கேற்ற பேட் உங்களுக்குச் சரிப்படாது.

இனி, பேட் மேல் பழி விழும் ஆனால் பேட் காரணமல்லாத விஷயம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 460 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் கழிக்க வேண்டியது ஏறத்தாழ 11,800 கிலோஜூல். அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை நிறுத்துவதற்குச் சமம். கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைவு என்பதால் டிஸ்கை ஆற்றும் காற்றும் குறைவு. இரண்டாவது கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்க வேண்டிய இறக்கத்தில் நான்காவதில் இறங்கி, காலைப் பெடலிலேயே வைத்திருந்தால் எந்தப் பேடும் கருகும். விட்டு விட்டு, அழுத்தமாகப் பிடியுங்கள், தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள்.

பிரேக் விட்டுப்போனபோது பெடல் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெடல் கல் போல இருந்து வண்டி நிற்கவில்லையென்றால் பேட் தன் சூட்டைத் தாண்டிவிட்டது. பேட் மாற்றினால் பலன் உண்டு. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. அதற்கு எவ்வளவு விலையில் பேட் போட்டாலும் தீராது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205, 140. கடலோர ஈரக்காற்றில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது கட்டாயம். டாட் 5.1 ஐ டாட் 4 இருந்த இடத்தில் போடலாம். டாட் 5 சிலிகான் வகை, அதை மற்ற டாட் ஆயில்களோடு கலக்கவே கூடாது. தேய்ந்து மெலிந்த பேடும் சூட்டைச் சீக்கிரமாக ஆயிலுக்குக் கடத்தும் என்பதால், 3 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் பேடோடு மலையேற வேண்டாம்.

ஸ்விஃப்ட், பலேனோ போல பின்னால் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் உள்ள கார்களில் முன்பக்கம் மட்டும் மிகக் கடும் பிடிப்புள்ள பேட் போட்டால், பின் பிரேக் செய்யும் வேலையின் பங்கு குறையும். முன் டயர் முதலில் பிடிவிட்டு, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும். நிற்கும் தூரம் குறையாது. டயரின் பிடிப்பைத் தாண்டி எந்தப் பேடும் வண்டியை நிறுத்தாது. நான்கும் டிஸ்க் என்றால் பின்னால் மட்டும் கடுமையான பேட் போடுவது அதைவிட ஆபத்து: பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும்.

மாட்டும்போது கெடுவதுதான் அதிகம். பழைய பேடின் படலம் ஒட்டிய டிஸ்கில் வேறு வகைப் பேடை அப்படியே போடுவார்கள். டிஸ்கை எமரி தாளால் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்கையும் மாற்றுங்கள். காலிப்பர் (பேட்களை டிஸ்கோடு அழுத்தும் கவ்வி) நகரும் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் பூட் ஊதிவிடும். சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மிதி தரையைத் தொடும்.

பிறகு புதுப் பேடை டிஸ்கோடு பழக்கிச் செட் ஆக்குவது. தயாரிப்பாளர் முறை சொல்லியிருந்தால் அதுவே சட்டம். சொல்லாவிட்டால், பின்னால் வண்டி வராத காலிச் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாக எட்டு பத்து முறை. பிறகு 80 இலிருந்து 20 வரை அழுத்தமாக நான்கைந்து முறை. ஏபிஎஸ் துடிக்கக் கூடாது, முழுசாக நிறுத்தவும் கூடாது. அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான நிலையில் நிறுத்தி காலைப் பெடலிலேயே வைத்தால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங் உதறும். மெக்கானிக் 'டிஸ்க் வளைஞ்சிருச்சு' என்பார். பெரும்பாலும் வளைவதில்லை, இந்தத் திட்டுதான். மலையடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தும்போதும் இதே கதை: கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி ஆறவைத்து, வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

500 கி.மீ. கழித்து ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி உள்பேடையும் வெளிப்பேடையும் அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 2 மில்லிமீட்டருக்கு மேல் மெலிந்திருந்தால் காலிப்பர் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு மலையேறுங்கள்.