குழந்தையின் கட்டிலை எங்கே போடக் கூடாது?

குழந்தைக்குத் தனிக் கட்டில் வாங்கும்போது எந்த மரம், எந்த மெத்தை, என்ன நிறம் என்று ஒரு மாதம் அலசுவோம். வந்து இறங்கியதும் அதை எங்கே போடுவது என்பதை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான், நல்லா காற்று வரட்டும் என்று ஜன்னலை ஒட்டிப் போட்டேன். மூன்றாம் நாள் காலை அறைக்குள் போனால், இரண்டு வயது மகள் மெத்தைமேல் நின்றபடி ஜன்னல் திண்டில் வயிற்றைச் சாய்த்து, கொசுவலையில் நெற்றியை அழுத்தி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கத்தினால் திடுக்கிட்டு முன்னால் சாய்ந்துவிடுவாளோ என்று சத்தமில்லாமல் போய்த் தூக்கினேன். அன்றைக்கே கட்டில் இடம் மாறியது.

நாம் நின்ற உயரத்திலிருந்து அறையைப் பார்த்து இடம் பிடிக்கிறோம், தவறு அங்கேதான் தொடங்குகிறது. குழந்தைக்குக் கட்டில் என்பது தூங்குகிற இடம் மட்டுமல்ல, ஏறி நிற்க ஒரு மேடை. ஜன்னல் திண்டு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் மொத்த உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், தரையில் நின்றால் அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது. மெத்தையோடு சேர்த்துக் கட்டில் 45 செ.மீ. என்றால், அதன்மேல் ஏறி நின்ற மாத்திரத்தில் அதே திண்டு இடுப்புக்கு வந்துவிடும். அந்த வயதில் உடம்பைப் பார்க்கத் தலை கனம் வேறு, எட்டிப் பார்த்தால் தலைப்பக்கம்தான் சாயும். வலை இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது பூச்சியைத் தடுக்கப் போட்டது, ஒரு குழந்தை சாய்ந்தால் தாங்காது. வேறு இடமே இல்லை என்றால் ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி ஒரு தடுப்பு வையுங்கள், ஆனால் தீ விபத்து மாதிரி அவசரத்தில் பெரியவர்கள் உடனே கழற்றக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

ஜன்னலில் இன்னொரு ஆபத்தும் தொங்குகிறது. பிளைண்ட்ஸ் கயிறு, திரைச்சீலையை இழுக்கும் நாடா. வளையமாகத் தொங்கும் கயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்ப்பது குழந்தைக்கு விளையாட்டு. கால் வழுக்கினால் கயிறு கழுத்தை இறுக்கும், தொண்டை அடைபடுவதால் அழுகைச் சத்தமே வெளியே வராது, பக்கத்து அறையில் இருந்தாலும் நமக்குத் தெரியாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிட்டேன் என்பவர்கள் மெத்தைமேல் நின்றால் குழந்தையின் கை எதுவரை போகிறது என்று ஒருமுறை பாருங்கள். கயிறே இல்லாத வகைக்கு மாறிவிடுவதுதான் நல்லது. குழந்தையைக் கண்காணிக்க வைக்கும் கேமராவின் ஒயரும் இதே வகைதான். முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று கட்டில் சட்டத்திலேயே மாட்டுகிறார்கள், குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். அலங்கார விளக்குச் சரம், சார்ஜர் ஒயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சரி, சுவரோரமாகப் போட்டால் ஒரு பக்கம் விழாது என்று தோன்றும். அது உண்மைதான், இடைவெளி விழாத வரைக்கும். வழவழப்பான தரையில், அதுவும் சக்கரம் வைத்த கட்டில் என்றால், குழந்தை நாலு தரம் குதித்தாலே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும், போட்டபோது இல்லாத சந்து ஒரு வாரத்தில் வந்துவிடும். தூக்கத்தில் உருளும் குழந்தையின் உடம்பு அந்தச் சந்தில் இறங்கி, தலையோ மார்போ மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும். தலையணையைச் சொருகி அடைக்கிறேன் என்பது இன்னும் மோசம், அது அமுங்கும், முகம் அதில் புதையும். ஒட்டிப் போடுவதானால் அசையாமல் ஒட்டிப் போடுங்கள், கையால் தள்ளிப் பார்த்து நகர்ந்தால் கால்களுக்கு ரப்பர் வையுங்கள். இல்லையென்றால் ஒரு அடியாவது தாராளமாகத் தள்ளிப் போட்டுவிடுங்கள், நடுவில் மாட்டுவதைவிடத் தாழ்வான கட்டிலிலிருந்து தரையில் விழுவது மேல். தனியாக வாங்கி மாட்டும் தடுப்புக் கம்பியிலும் இதே சந்து பிரச்சினை உண்டு, இரண்டு வயதுக்குக் கீழ் அது வேண்டாம்.

இதெல்லாம் நடந்து ஏறி இறங்கும் குழந்தைகளுக்கு. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இந்தக் கட்டிலே வேண்டாம். தனித் தொட்டில் கட்டிலில், இறுக்கமான சமமான மெத்தையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், குறைந்தது முதல் ஆறு மாதமாவது அந்தத் தொட்டில் பெற்றோர் அறையிலேயே இருக்க வேண்டும்.

தலைமாட்டுச் சுவர்தான் எல்லோரும் ஆசையாக அலங்கரிக்கிற இடம். கண்ணாடிச் சட்டம் போட்ட படம், புத்தகம் அடுக்கிய ஷெல்ஃப். குழந்தை எட்டி இழுக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆணி தளர்ந்தாலே போதும், விழுவது முகத்தில்தான். படம் வேண்டுமென்றால் எதிர்ச்சுவரில் மாட்டுங்கள், படுத்துக்கொண்டே பார்க்கவும் அதுதான் வசதி.

பக்கத்தில் டிராயர் வைத்த அலமாரி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. குழந்தைக்கு டிராயர் என்பது படிக்கட்டு. கீழ் டிராயரை இழுத்து அதில் கால் வைத்தால் மொத்தப் பாரமும் முன்னால் வந்து, பார்க்க அசையாது போலிருக்கும் அலமாரிகூடக் கவிழும். கட்டிலில் நின்று மேல் டிராயரைப் பிடித்துத் தொங்கினாலும் அதேதான். எங்கே இருந்தாலும் அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள், அதற்கப்புறமும் கட்டிலிலிருந்து கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

ஹீட்டர் இருந்தால் ஒரு மீட்டர் தூரம் கட்டாயம், போர்வை நழுவி அதன்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்பது வசதிக்காக, அதற்காக ஜன்னலோரம் போய்விடாதீர்கள். அடுக்குக் கட்டில் என்றால் மேல்தட்டு ஆறு வயதுக்கு முன் வேண்டாம், சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே எந்த வயதிலும் வேண்டாம்.

அப்புறம் கதவு. கதவைத் திறந்தால் கட்டில் சட்டத்தில் இடிக்கிற மாதிரி போட்டால், நடுவில் சின்ன விரல்கள் மாட்டும். இருட்டில் எழுந்து வருகிற குழந்தைக்குக் கட்டிலிலிருந்து கதவுவரை நேராக, தடுக்கி விழ எதுவும் இல்லாத வழி வேண்டும், ஒரு மங்கலான விளக்கும்.

எல்லாம் சரிபார்த்ததும் மெத்தைமேல் மண்டியிட்டுக் கையை நாலு பக்கமும் நீட்டிப் பாருங்கள், கைக்குச் சிக்குவதெல்லாம் குழந்தைக்கும் சிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள், அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டிலை நகர்த்திய வாரமே என் மகள் ஒரு ஸ்டூலை இழுத்துவந்து அதே ஜன்னலுக்குக் கீழே போட்டுவிட்டாள். ஸ்டூல் இப்போது எங்கள் அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால்.