டார்டபிக் ஏற்றம்: நாரோபோட்டில் ஒரே பகலில் 30 லாக்குகளைக் கடப்பது எப்படி

இங்கிலாந்தில், வூஸ்டரிலிருந்து பர்மிங்ஹாம் செல்லும் கால்வாயில், டார்டபிக் என்னும் சிற்றூரை நோக்கி, நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளான 30 லாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. சுமார் இரண்டேகால் மைல் தொலைவுக்குள், நாரோபோட் என்னும் குறுகலான கால்வாய்ப் படகு 220 அடி உயர்ந்தாக வேண்டும். பிரிட்டனில் இதைவிட நீளமான லாக் வரிசை கிடையாது. லாக் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலே ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், காலை எட்டு மணிக்குள் அடிவாரத்திலுள்ள முதல் லாக்கின் முன் (இந்த வரிசையின் எண்கள் 29இல் தொடங்கி 58இல் முடிகின்றன) படகு நிற்கும்படி முந்தைய இரவே அருகில் கட்டிவிடுவது நல்லது.

மூன்று பேர் இருந்தால் வேலை எளிதாகும். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் படகு நிற்கும் லாக்கைக் கவனிக்க, மூன்றாமவர் கரையோரமாக முன்னே நடந்து அடுத்த லாக்கைத் தயார் செய்ய வேண்டும். கரையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் மதகுகளைத் திறந்து மூட உதவும் விண்ட்லாஸ் என்னும் எல் வடிவ இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்க வேண்டும். உபரியாக ஒன்றையும் படகில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஒருமுறை இடுப்புப் பட்டையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. கலங்கிய அந்த நீரில் தேடுவதில் பயனில்லை.

படகை மேலேற்றுவது எஞ்சின் அன்று, தண்ணீர்தான் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். லாக் என்பது இரு முனைகளிலும் கதவுள்ள, 7 அடி அகலமும் ஏறத்தாழ 72 அடி நீளமும் கொண்ட செங்கல் தொட்டி. நாரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம் என்பதால், பக்கத்துக்கு ஓர் அங்குல இடைவெளிதான் மிஞ்சும். நடையின் வேகத்துக்கும் குறைவாக, நேர்கோட்டில் நுழையாவிட்டால் சுவரில் உரசும் ஓசை உங்கள் கவனக்குறைவை ஊருக்கே சொல்லிவிடும்.

முன்னே செல்பவர் லாக்கை அடைந்ததும், எதிரே படகு இறங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால், லாக் நிறைந்திருக்கும் பட்சத்தில், அது அவர்களுடைய முறை. ஒருமுறை லாக்கைக் காலி செய்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போய்விடும். வரிசையின் மேற்பகுதியை ஒட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு காலத்தில் நீராவி எஞ்சினால் இறைத்தே உச்சிக் கால்வாயை நிரப்பினார்கள் என்றால், இந்தத் தண்ணீரின் அருமை புரியும். எதிரே யாரும் இல்லையென்றால், மேல் கதவும் அதன் மதகுகளும் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, கீழ் மதகுகளைத் திறந்து லாக்கை வடிய விட்டு, மட்டம் சமமானதும் கீழ்க் கதவைத் திறக்கலாம். கதவின் நீண்ட மரக்கட்டையைக் கையால் தள்ளாமல், அதில் முதுகைச் சாய்த்து, தரையில் வரிவரியாக மேடிட்டுப் பதித்திருக்கும் செங்கற்களில் குதிகாலை ஊன்றித் தள்ளுங்கள். நீர்மட்டம் சமமாகாத வரை எத்தனை பேர் தள்ளினாலும் அது அசையாது. சமமான கணத்தில் தானாகவே சற்று நெகிழ்வது முதுகில் தெரியும்.

படகு உள்ளே வந்தபின், கீழ்க் கதவையும் அதன் மதகுகளையும் மூடிவிட்டு, மேல் மதகைப் பாதி மட்டும் உயர்த்த வேண்டும். அவசரப்பட்டு முழுவதும் திறந்தால் உள்ளே பாயும் நீர் படகை முன்னும் பின்னும் இழுத்து மோதவைக்கும். பாதி நிறைந்தபின் முழுவதும் திறக்கலாம். சுக்கான் பிடிப்பவர் எஞ்சினை மிக மெல்ல ஓடவிட்டுப் படகை நிலையாக வைத்திருப்பதோடு, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உள்ள கயிற்றுத் திண்டு கதவுச் சட்டத்தின் அடியில் சிக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். சிக்கினால், முன்புறம் அமிழ்ந்திருக்கப் பின்புறம் மட்டும் உயர்ந்து, படகு மூழ்கவும் கூடும். ஆகவே கரையில் நிற்பவர் கண்ணைப் படகிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு குரல் கேட்டதும் மேல் மதகை மூடிவிட்டுப் பிறகுதான் காரணம் கேட்க வேண்டும். விண்ட்லாஸை மதகின் அச்சில் மாட்டியபடி விட்டு நகர்வதும் ஆபத்து; பற்சக்கரத்தின் தடுப்பு நழுவினால் அது சுழன்று கையை முறித்துவிடும்.

இறங்கும் திசையில் அபாயம் வேறு. மேல் கதவின் அடியில் நீருக்குள் மறைந்திருக்கும் கல்திட்டின் மேல் படகின் பின்புறம் தங்கிவிட்டால், நீர் வடிய வடிய அணியம் கவிழ்ந்துவிடும். சுவரில் வரைந்துள்ள வெள்ளைக் கோட்டுக்கு முன்னாலேயே பின்புறத்தை வைத்திருங்கள்.

இருபதாவது லாக்கைத் தாண்டும்போது பேச்சு தானாகவே நின்று, கைகள் மட்டும் வேலை செய்யும். சாப்பாட்டுக்கென்று நிறுத்தாமல், லாக் நிறையும் நேரத்தில் தேநீரும் சாண்ட்விச்சும் கைமாறுவதே வசதி.

கடைசி லாக்கான 58ஆம் எண் சுமார் 14 அடி ஆழம். அந்த இடத்தில் முதலில் ஜான் வுட்ஹவுஸ் அமைத்த படகுத் தூக்கி இருந்தது; அன்றாட உழைப்புக்குத் தாங்காது என்று கருதி அதற்குப் பதிலாக இந்த லாக்கைக் கட்டினார்கள். நிறைய நேரமாகும், பொறுத்திருங்கள். அதற்கு மேலேதான் எழுத்தாளர் எல். டி. சி. ரோல்ட் தம் ‘க்ரெஸ்ஸி’ படகை 1941 முதல் 1946 வரை கரையில் கட்டி நிறுத்தியிருந்தார். கால்வாய்களைக் காக்க 1946இல் தோன்றிய சங்கத்துக்கு வித்திட்ட சந்திப்பும் இங்கேயே நடந்தது. அங்கு படகைக் கட்டியதும், ஒருவர் திரும்பிப் போய் மேல் கதவு சாத்தியிருக்கிறதா, மதகுகள் முற்றிலும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்த பிறகே எஞ்சினை அணையுங்கள்.