கடற்பாலத்தின் தூண்கள் தெளிவானது எப்படி: என் அனுபவம்

பழைய மரக் கடற்பாலம் ஒன்றைக் கருப்பு வெள்ளையில் எடுக்க நெடுநாள் ஆசை. முதல் நாள் எடுத்த படங்கள் எல்லாமே சாம்பல் பூசினாற்போல் இருந்தன. தூணும் அலையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சிவப்பு ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். அது நீல வானத்தைத்தான் கருக்கும், மேகம் மூடிய வானத்தில் அதற்கு வேலையே இல்லை.

தூண் கருப்பு. பின்னால் தண்ணீர் வெளுத்தால்தானே அது தனித்துத் தெரியும்? லென்ஸுக்குள் போகும் ஒளியைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடியான 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டரை மாட்டினேன். 1/30 நொடி எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) ஏறக்குறைய 34 நொடியாக நீண்டது. அலைகள் பால்போல் படிந்தன, ஆனால் தூண்கள் மங்கல்! காரணம் மணல். ஒவ்வொரு அலையும் ட்ரைபாடின் காலடி மணலை அரித்துக்கொண்டு போக, கேமரா மெல்ல மெல்லப் புதைந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் ட்ரைபாடின் கால்களை ஒரு சாண் ஆழத்துக்கு அழுத்தி இறக்கினேன். நாலைந்து அலை வந்து போகும்வரை காத்திருந்து, 2 நொடி டைமரில் ஷட்டரை விட்டேன். (வீடு திரும்பியதும் ட்ரைபாடை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு அரித்துவிடும்.)

படத்தைப் பெரிதாக்கினால் தூணில் ஒட்டிய கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிர்களின் விளிம்புகூடத் தெரிந்தது. அலை தொடும் உயரம்வரை மரம் கன்னங்கரேலென்று இருந்தது; அதற்கு மேலே வெயிலில் நரைத்திருந்தது. கருப்பும் நரையும் சந்திக்கும் அந்த எல்லைக்கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.