நாணயச் சேகரிப்பு: வருஷச் செலவு கைமீறிப் போவது எங்கே?

நாணயம் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்?" என்பதைத்தான். செலவே இல்லாமலும் சேர்க்கலாம். கடையில் மீதி வாங்கும் சில்லறையைப் புரட்டிப் பாருங்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா அச்சுக்கூடம். ஒவ்வொரு ஆண்டுக்கும் நான்கு அச்சுக்கூடத்துக் காசுகளையும் எடுத்துவைக்க முயன்றால் பல வருஷம் ஓடிவிடும். காசின் முகமதிப்பைத் தவிர ஒரு பைசா கூடுதலாகப் போகாது.

ஆனால் அதோடு நிற்பவர்கள் குறைவு. நானும் நிற்கவில்லை. இருபது வருஷமாகச் சேர்க்கிறேன். அதில் முதல் ஏழெட்டு வருஷம் எவ்வளவு செலவழித்தேன் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கணக்கு எழுதவே இல்லை. மற்ற தவறுகளெல்லாம் வளர்வதற்கு இடம் கொடுத்தது அந்தத் தவறுதான்.

சின்னச் சின்னதாகக் கரையும் பணம்

ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு நாணயம் வாங்க வேண்டுமென்றால் நாம் நான்கு நாள் யோசிப்போம், இரண்டு பேரிடம் கேட்போம். இருநூறு ரூபாய் காசுக்கு அந்த யோசனை வராது. வாரம் ஒரு முறை இருநூறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 10,400 ரூபாய். ஒரு நல்ல கண்காட்சியில் மனசுக்குப் பிடித்த இரண்டு மூன்று காசுகளை நிதானமாக வாங்கக்கூடிய பணம் அது. வருஷக் கடைசியில் கையில் இருப்பதோ தேய்ந்த, ஒன்றோடொன்று சேராத ஐம்பது காசுகள். அவற்றை ஒரு டீலரிடம் கொண்டுபோனால் தனித்தனியாகப் பார்க்கக்கூட மாட்டார், மொத்தமாக ஒரு விலை சொல்வார்.

அதனால் முதலில் ஒரு எல்லை வையுங்கள். தொகைக்கு மட்டுமல்ல, எதைச் சேர்ப்பது என்பதற்கும். 1957 ஏப்ரல் 1-ல் ஒரு ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசம முறை வந்தபின் வெளியான நயா பைசாக்கள் மட்டும், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்கள் மட்டும், தமிழ்நாட்டோடு தொடர்புள்ள நினைவு நாணயங்கள் மட்டும் என்று ஏதாவது ஒன்று. எதை வாங்கக்கூடாது என்று தெரிந்துவிட்டாலே வருஷச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

கணக்கு எழுதும்போது காசின் விலையை மட்டும் எழுதி ஏமாறாதீர்கள். ஏலத்தில் கை தூக்கும் தொகையோடு விஷயம் முடிவதில்லை. அதன்மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், வரி, காப்பீட்டோடு கூடிய தபால் செலவு எல்லாம் ஏறும். கண்காட்சிக்கு வெளியூர் போனால் பஸ் செலவு, அறை வாடகை. ஆல்பம், ஹோல்டர், லென்ஸ், புத்தகம் எல்லாம் இந்தப் பொழுதுபோக்கின் செலவுதான். இவற்றை வீட்டுச் செலவில் சேர்த்துவிட்டு, "காசுக்கு இவ்வளவுதான் ஆச்சு" என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

பழசு என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கை

புதிதாக வருபவர்கள் அதிகப் பணம் விடுவது இதில்தான். ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் வருஷப் பழமை உள்ளது. ஆனால் ஏராளமாக அச்சடிக்கப்பட்டது, ஏராளமாகக் கிடைத்தும் இருக்கிறது. அதனால் சாதாரண நிலையில் உள்ள காசுக்குப் பெரிய விலை கிடையாது. 1939-ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. ஆனால் அது கிடைப்பது அரிது, விலையும் எங்கேயோ நிற்கிறது. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

காசில் உள்ள ஆண்டே சில சமயம் நம்மைத் திசைதிருப்பும். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அடித்ததல்ல. அதே ஆண்டு எண்ணோடு 1874 வரை அடித்தார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து அதில் பல வகைகளைப் பிரிக்கிறார்கள், சில வகைகள் அரியவை. அது தெரியாமல், "1862, ரொம்ப ரேர் சார்" என்ற பேச்சை நம்பிச் சாதாரண வகைக்கு அரிய வகையின் விலை கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

வெள்ளி விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விக்டோரியா காலத்திலிருந்து 1939 வரை வந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். மூன்றையும் ஒரே தட்டில் போட்டு, "வெள்ளி ரூபாய், எதை எடுத்தாலும் ஒரே விலை" என்று விற்பவர்கள் உண்டு. முதலில் காசில் உள்ள ஆண்டைப் பாருங்கள், நிக்கலைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். எடை சரியில்லாத போலியைப் பிடிக்க, இரண்டு தசமம் வரை காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் பையில் இருக்கட்டும். நான் வாங்கியதிலேயே அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்த பொருள் அந்தத் தராசுதான்.

தேய்த்து விளக்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழப்பைத் திரும்பச் சரிசெய்யவே முடியாது. என் பாட்டி சுருக்குப்பையில் வைத்திருந்த விக்டோரியா ரூபாய் எனக்கு வந்தபோது கருநீலமும் பழுப்புமாக இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். புளியும் விபூதியும் போட்டு, பூஜைப் பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பிறகு ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டினேன். லென்ஸை வைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏம்பா தேய்ச்சே?" என்று மட்டும் கேட்டார். ராணியின் கன்னம் முழுக்க மெல்லிய கீறல்கள். நூறு வருஷத்துக்கு மேல் காற்று பட்டுப் பட்டு வெள்ளியின்மேல் படிந்திருந்த நிறம் போய்விட்டது. அந்த இயல்பான நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். தேய்த்த காசுக்கு உலோக விலைக்குமேல் அதிகம் கிடைக்காது. எனக்கு அந்த விலையைவிட, பாட்டி வைத்திருந்தபடியே அதை வைத்திருக்கவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

எலுமிச்சை, பற்பசை, நகைக்கடைத் திரவம் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது.

காசை எதில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் இளகி, காசின்மேல் பச்சையாக ஒட்டும் பிசினை விடும். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். உறைக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, பிவிசி இல்லாததாக வாங்குங்கள். பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள்.

போலிகள்

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் மறுபக்கம் என்று ஒரு செப்புக் காசைக் காட்டி, லட்சக்கணக்கில் போகும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் கோயில் டோக்கன் மாதிரிச் செய்தது அது. அந்தக் காசுக்கு அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது, இரிடியம் கலந்திருக்கிறது என்று பேச்சு ஆரம்பித்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ரைஸ் புல்லிங் மோசடியில் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் பணத்தை இழந்திருக்கின்றன.

சங்க காலப் பாண்டியரின் சதுரக் காசுகள், "பணம்" என்று பெயருள்ள சின்னத் தங்கக் காசுகள், அரிய ஆண்டு வெள்ளி ரூபாய்கள் ஆகியவற்றிலும் போலிகள் உண்டு. அசலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இவற்றில் பணம் போடாதீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடத்தில் ஒரு நாள் முழுக்கச் செலவிடுங்கள். கண் பழகும்.

"விற்றால் லட்சம்" என்ற கனவு

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் காசுகளுக்கு லட்சங்கள் தருவதாக எத்தனை விளம்பரங்கள்! அவை சாதாரணக் காசுகள். விளம்பரத்தை நம்பிக் கூப்பிட்டால் பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று நம்மிடமிருந்துதான் பணம் போகும். இப்படித் தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வியாபாரத்துக்குக் கட்டணம் கேட்கிறார்கள், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

நினைவு நாணயங்களிலும் இதே கனவு வேறு உருவத்தில் வருகிறது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய் நாணயம் போன்றவை 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. அதாவது 17.5 கிராம். கொடுக்கும் விலையில் மீதி, வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும் போவது. இவை புழக்கத்துக்கு வருவதில்லை. அரசு அச்சுக்கூடங்களே முன்பதிவு செய்தவர்களுக்கு நேரடியாக விற்கின்றன. ஆசைக்கு ஒன்று வாங்குங்கள், சந்தோஷம். விலை ஏறும் என்று பத்து செட் வாங்கிப் பூட்டுவது வேண்டாம். சில ஏறும், பல அப்படியே கிடக்கும்.

சட்டம்

நூறு வயதைத் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. இணையத்தில் யாரோ டாலரில் நல்ல விலை கேட்கிறார் என்று தபாலில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இப்படிக் கிடைத்ததாகச் சொல்லி விற்க வருபவரிடமும் வாங்காதீர்கள்.

வீட்டுக்குத் தெரியாத சேகரிப்பு

கடைசியாக, அந்தக் கணக்கு நோட்டு. வாங்கிய தேதி, விலை, எடை, யாரிடம் வாங்கியது, எந்த வகை என்று எழுதி, பக்கத்தில் காசின் போட்டோவும் ஒட்டி வைக்கிறேன். எங்கள் வட்டத்தில் ஒருவர் முப்பது வருஷம் சேர்த்தார், ஒரு வரி எழுதவில்லை. அவர் திடீரென்று இறந்தபோது வீட்டார் மொத்தத்தையும் வெள்ளிக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த வாரமே என் நோட்டின் முதல் பக்கத்தில், விற்க வேண்டி வந்தால் யார் யாரிடம் விலை கேட்க வேண்டும் என்று மூன்று பெயர்களை எழுதி, நோட்டு இருக்கும் இடத்தை மகளிடம் காட்டினேன்.