விண்கல் கையில கிடைச்சா தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

கருப்பா கனமா ஒரு கல்லு கிடைச்சதும் விண்கல்லான்னு ஒட்டிப் பாக்க நம்மாளுங்க முதல்ல தேடுறது காந்தத்த தான். அத மட்டும் பண்ணவே பண்ணாதீங்க. கல்லுக்குள்ள கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பதிஞ்ச காந்தப்பதிவு (அது உருவான எடத்துல அப்ப காந்தப்புலம் எப்படி இருந்துச்சுங்கற தடயம்) இருக்கும், பக்கத்துல காந்தத்த கொண்டு போனாலே அது அழிஞ்சிரும். சஹாராவுல கிடைச்ச 'பிளாக் பியூட்டி'ங்கற செவ்வாய் கிரகத்து கல்லுக்கு இதான் நடந்துச்சு, கை மாறுறப்ப காந்தம் வச்சு பாத்து பாத்தே பழைய பதிவு போச்சு, நெனச்சா வயிறு எரியுது.

அடுத்தது கழுவுறது. 2021 பிப்ரவரி 28 ராத்திரி இங்கிலாந்துல வின்ச்கோம்ங்கற ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல கல்லு விழுந்துச்சு. காலைல பாத்தா தரையில கரிய கொட்டி சிதறவிட்ட மாதிரி கருப்பு தூளும் துண்டுமா கெடக்கு. யாரா இருந்தாலும் வெளக்கமாத்த எடுத்து கூட்டி தண்ணி ஊத்தியிருப்போம். அந்த வீட்டுக்காரங்க கையுறை போட்டு பொறுக்கி பையில போட்டு வச்சாங்க, விழுந்து 12 மணி நேரத்துக்குள்ளயே பெரும்பகுதி பத்திரமாயிடுச்சு. மழை படாததால தான் அந்த கல்லுல எடையில 11 சதவீதம் வரைக்கும் தண்ணி கனிமங்களுக்குள்ள அடைஞ்சிருக்குன்னும், அது நம்ம பூமித் தண்ணியோட ரொம்ப ஒத்துப்போகுதுன்னும் நம்பி சொல்ல முடிஞ்சுது. கழுவியிருந்தா அது எந்த தண்ணின்னு யாரு சொல்றது?

உடைக்கவும் கூடாது. 1492 நவம்பர் 7, என்சிஸ்ஹைம்ங்கற ஊர்ல (இப்ப பிரான்ஸ்ல இருக்கு) கோதுமை வயல்ல சுமார் 127 கிலோ கல்லு விழுந்துச்சு, அதிர்ஷ்டம்னு ஆளாளுக்கு கொத்தி எடுத்துட்டு போனாங்க, அப்புறம் ஜெர்மன் அரசர் மாக்சிமிலியன் சொல்லி சர்ச்சுல வச்சாங்க, அதுக்கப்புறமும் வெட்டு நிக்கல. இன்னிக்கு அந்த ஊர் மியூசியத்துல மிச்சம் இருக்கறது ஏறக்குறைய 56 கிலோ.

எங்க கிடந்துச்சுன்னு குறிச்சு வைக்காம தூக்கிட்டு வர்றதும் பெரிய தப்பு. விண்கல் வானத்துல எரிஞ்சுட்டே வர்றப்ப தெரியுற தீப்பந்து கேமராவுல பதிஞ்சிருந்தா, அதோட பாதையையும் விழுந்த எடத்தையும் சேத்து பாத்தா தான் இந்த கல்லு அந்த தீப்பந்துல இருந்து வந்ததுன்னு உறுதியா சொல்ல முடியும். வின்ச்கோம்ல குழி விழுந்த தரையையே பேத்து எடுத்து லண்டன் இயற்கை வரலாறு மியூசியத்துக்கு கொண்டு போனாங்க. நீங்க அவ்ளோ பண்ண வேணாம், தொடுறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு நாலு போட்டோ எடுங்க, போன்ல லொக்கேஷன் சேவ் பண்ணுங்க, அப்புறம் வெறுங்கை படாம சுத்தமான அலுமினியம் ஃபாயில்ல சுத்தி வைங்க.