வெப்பமண்டலத் தீவைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தெரிந்த தம்பதி ஒருவர் தங்கள் பயணத் திட்டத்தைக் காட்டினார்கள். டிசம்பர் கடைசியில் மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவு. பவளப்பாறை, ஆமை, சத்தமில்லாத கடற்கரை என்று அவர்கள் ஆசைப்பட்ட எல்லாமே அந்தத் தீவில் உண்டு. ஆனால் அந்த மாதத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும், படகுப் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுவிடும், விடுதிகள் பலவும் பூட்டியிருக்கும். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. நல்லவேளை, அவர்கள் இன்னும் டிக்கெட் எடுத்திருக்கவில்லை.

கொசு மருந்து, தொப்பி, பாஸ்போர்ட் நகல் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. அமைதியாக, இயற்கையோடு சில நாள் இருக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களின் பயணத்தையே கெடுக்கிற தவறுகள் வேறு.

நாட்டின் சீசனை நம்பி முன்பதிவு செய்வது

"தாய்லாந்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன்" என்று படித்துவிட்டு, நவம்பர் நடுவில் அங்குள்ள கோ சாமுய் தீவில் ஆறு இரவுகளுக்கு அறை எடுத்தேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு கொஞ்சம் மலிவாகக் கிடைத்த அறை. இறங்கிய அன்றே மழை. இரண்டாம் நாள் கடல் மண் நிறமாகிவிட்டது. கண்ணாடி மாட்டிக்கொண்டு நீருக்குள் பார்த்தால் நீட்டிய கைகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் ஆங் தோங் கடல் பூங்காவுக்காவது போகலாம் என்று விசாரித்தால், இந்தப் பருவத்தில் அதை மூடிவிடுவார்கள் என்றார்கள். ஒரு வருடம் சேர்த்துவைத்த விடுப்பும் பணமும் அறைக்குள்ளேயே கழிந்தன. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. வரைபடத்தைப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அதே வாரம் புக்கெட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தீவுகளுக்கும் இடையே சுமார் 250 கி.மீ.தான். ஆனால் சாமுய் தீபகற்பத்தின் கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. புக்கெட் மேற்கே, அந்தமான் கடலில். வடகிழக்குப் பருவக்காற்று வளைகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் கொட்டிவிடுகிறது. நடுவில் இருக்கும் மலைகள் மேற்குப் பக்கத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது நிலைமை மாறிவிடும்: புக்கெட், கிராபி பக்கம் நனையும், சாமுயில் மழை அந்த அளவுக்கு இருக்காது. நவம்பரோ சாமுயில் வருடத்திலேயே அதிகம் மழை பெய்யும் மாதம்.

மலேசியாவிலும் இதே கதைதான். லங்காவி மேற்கே, பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் கிழக்கே. இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் அலை அடித்துக்கொண்டிருக்கும்போது, திருகோணமலைப் பக்கம் கடல் குளம்போலக் கிடக்கும்.

ஒரே தீவுக்குள்ளும் இப்படி உண்டு. ஹவாயின் பெரிய தீவில், காற்று வந்து மோதும் கிழக்குப் பக்கத்து ஹிலோவில் வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்குப் பின்னால் இருக்கும் கோஹாலா கடற்கரையின் சில இடங்களில் 300 மி.மீ.கூட எட்டாது. காட்டுக்கும் அருவிக்கும் ஹிலோ பக்கம், நீந்துவதற்குக் கோஹாலா பக்கம். "பெரிய தீவில் அறை எடுத்துவிட்டேன்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்போது நான் செய்வது இதுதான். போகும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். தங்கப் போகும் கரை அதற்கு முகம் கொடுக்கிறதா, முதுகு காட்டுகிறதா என்று வரைபடத்தில் பார்ப்பேன். அப்புறம் அந்த விடுதியில் முன்பு அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதையும், அவர்கள் எடுத்த படங்களையும் மட்டும் தேடிப் பார்ப்பேன். விளம்பரப் படங்கள் எல்லாம் நல்ல மாதத்தில் எடுத்தவை. மழை அளவைப் பார்த்து மட்டும் பயந்துவிடவும் வேண்டாம். வெப்பமண்டலத்தில் பல நாள் மாலையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வானம் வெளுத்துவிடும். பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். நீரைக் கலக்குவதும் படகை நிறுத்துவதும் அதுவே.

எல்லாத் தீவும் ஒன்று என்று நினைப்பது

மாலத்தீவு முழுக்கப் பவளத்தால் ஆனது. நிலம் கடல்மட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை மீட்டர் மேலேதான் நிற்கிறது. அங்கே மலை இல்லை, அருவி இல்லை, பல தீவுகளைப் பத்து இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். கடலுக்குள் இருப்பதுதான் அங்கே காடு. நீந்தப் பிடிக்காதவர், காட்டில் நடக்கவும் பறவை பார்க்கவும் விரும்புகிறவர் மூன்றாம் நாளே திகைத்துப்போவார். அவருக்குச் செஷல்ஸ் பொருந்தும். அங்கே மாஹே தீவின் மலை 905 மீட்டர் உயரம். பிராலின் தீவின் வாலே டி மே பனைக் காட்டில் உலகத்திலேயே பெரிய விதையைத் தரும் இரட்டைத் தேங்காய் மரங்கள் நிற்கின்றன. இரண்டுமே இந்தியப் பெருங்கடல் தீவுகள் என்பதால் ஒன்றுக்கு மற்றது மாற்று என்று எண்ணிவிடுகிறார்கள்.

கடல் உள்வாங்கும் கரை

தான்சானியாவின் சான்சிபார் தீவில், கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி மாதிரி இடங்களில் நீர் வற்றும்போது கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்னால் போய்விடும். நீந்த வேண்டுமென்றால் ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வடக்கு முனையில் நுங்வி, கெந்த்வா பக்கம் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கிழக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. வற்றிய தரையில் நடந்து நட்சத்திர மீனும் கடற்பாசித் தோட்டமும் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும்.

ஒரு வாரத்தில் மூன்று தீவுகள்

வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் குறைந்தது அரை நாளைத் தின்றுவிடும்.

கடைசி இரவு தொலைதீவில்

படகு ரத்தானால் விமானமும் போச்சு. கடைசி இரவு விமான நிலையம் இருக்கும் தீவில் தங்குங்கள்.

மூடியிருப்பது தெரியாமல் போவது

கூட்டத்தால் நைந்த பவளப்பாறைகள் மீளட்டும் என்று தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் சில வாரங்கள் மூடுகிறார்கள். அதே நாட்டின் சிமிலான் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். நல்ல ஏற்பாடு. தேதியைப் பார்த்துவிட்டு விடுப்புக் கேளுங்கள்.

வெயில் சீசனே விலங்கு சீசன் என்று நம்புவது

மாலத்தீவின் பா அட்டோல் என்ற பவளத் தீவு வளையத்தில் ஹனிஃபாரு என்று ஒரு சிறிய விரிகுடா. பெரிய திருக்கை மீன்களான மாண்டாக்கள் அங்கே கூட்டமாக இரை தேடி வருவது சுமார் மே முதல் நவம்பர் வரை, அதாவது எல்லாரும் "மழைக்காலம், போகாதே" என்று சொல்லும் தென்மேற்குப் பருவத்தில். அப்போதைய நீரோட்டம் மிதவை உயிர்களை விரிகுடாவுக்குள் தள்ளித் தேக்கிவைக்கிறது. மாண்டாக்கள் அதைத் தேடி வருகின்றன. நான் போன ஆகஸ்டில் ஐந்து நாளில் மூன்று நாள் மேகமூட்டம். கலங்கலான அந்த நீரில் வாயைத் திறந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக அவை என்னைக் கடந்து போனதைப்போல வேறெதையும் நான் கடலில் பார்த்ததில்லை. ஸ்கூபா அனுமதி இல்லை, மூச்சுக்குழாய் மாட்டி மேலே மிதந்துதான் பார்க்க முடியும். மாதத்தை முடிவு செய்த பிறகு அமாவாசையோ பௌர்ணமியோ உங்கள் நாட்களுக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும் அந்த நாட்களில்தான் அவை அதிகம் கூடுகின்றன.