கதீட்ரல் என்றால் பெரிய சர்ச் அல்ல

கோபுரம் உயரமாக இருந்தால் கதீட்ரல், சின்னதாக இருந்தால் சர்ச். பலரும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் அளவுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

கிரேக்கத்தில் 'கதெட்ரா' என்றால் இருக்கை. 'கதா' கீழே, 'ஹெட்ரா' உட்காருமிடம். லத்தீன் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. பிஷப் (ஆயர்) அமர்ந்து போதிக்கும் ஆசனத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அந்த ஆசனம் உள்ள ஆலயம் 'எக்லேசியா கதெட்ராலிஸ்'. ஆங்கிலத்திலும் முதலில் 'கதீட்ரல் சர்ச்' என்றுதான் வழங்கியது, பிறகு 'சர்ச்' உதிர்ந்துவிட்டது. நாம் வீட்டில் சொல்லும் 'சேர்' கூட இதே கதெட்ராதான், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது.

சென்னை கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் ஆலயத்தைப் பாருங்கள். கட்டி முடித்தது 1815-இல். அப்போது அது வெறும் சர்ச். 1835-இல் மெட்ராஸுக்கென்று தனி ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மறைமாவட்டம், அதாவது ஒரு பிஷப்பின் நிர்வாகப் பகுதி, அமைந்து பிஷப் வந்த பிறகுதான் கதீட்ரல் ஆனது. கதீட்ரல் என்றாலே கத்தோலிக்கம் என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில்: இன்று அது சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம், கத்தோலிக்க ஆலயம் அல்ல. 'கத்தோலிக்' வேறு சொல். 'முழுமை' என்னும் பொருள்படும் 'ஹோலோஸ்' அதன் வேர்.

அப்புறம் பசிலிக்கா. தமிழில் இரண்டையுமே பேராலயம் என்று சொல்லிவிடுவதால் இங்கே குழப்பம் அதிகம். பசிலிக்கா என்பது போப் வழங்கும் சிறப்புத் தகுதி. வேளாங்கண்ணிக்கு அது 1962-இல் கிடைத்தது. ஆனால் ஆயரின் இருக்கை தஞ்சாவூரில் இருப்பதால் வேளாங்கண்ணி கதீட்ரல் ஆகாது. சாந்தோமுக்கு இரண்டு தகுதியும் உண்டு.

ரோம் விஷயத்தில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். புனித பேதுரு பெருங்கோயிலில் சிற்பி பெர்னினி செய்த பிரம்மாண்டமான வெண்கல ஆசனம் இருக்கிறது, உள்ளே பழைய மர நாற்காலி ஒன்றைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். இருந்தும் ரோம் ஆயரான போப்பின் கதீட்ரல் அது அல்ல, லாத்தரன் யோவான் ஆலயம்தான்.

'எக்ஸ் கதெட்ரா', அதாவது 'ஆசனத்திலிருந்து', என்ற தொடரையும் கவனமாகக் கையாள வேண்டும். தவறாதது என்று கத்தோலிக்கர் ஏற்கும் போப்பின் அறிவிப்பையே அது குறிக்கும், அவர் பேசுவதெல்லாம் அதில் சேராது. 1870-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் அதற்குக் கடுமையான வரையறை வைத்தது. அதன்பின் 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மரியாவின் விண்ணேற்பை (உடலோடு விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டதை) அப்படி அறிவித்தார்.